சந்தியில் திரும்பும் வேன்

(மலேசியாவின் சுங்கை செம்பிலாங் கோயில் மண்டபத்தில், அடுத்து முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோர்களிடம் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் ஜெராமில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். என்னிடம் படித்தவர். இடுப்பில் பெண்குழந்தை. நலம் விசாரித்துவிட்டு, "டீச்சர், பாப்பாவ எங்க போடலாம்? வீட்டுக்கு எதுத்தாப்புல தேசியப் பள்ளி இருக்கு. தமிழ்ப்பள்ளின்னா வேன்ல போகணும். நீங்களே சொல்லுங்க" என்றார். மீன்காரர் செதில் சீவி முடிக்கும்வரை யோசித்தும் ஒரு வாக்கியத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "மண்டபத்துக்கு வாப்பா, பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இன்றைய பேச்சு.

என்னை அறியாதவர்களும் இருப்பீர்கள். 1964-இல் இந்தக் குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. 1977-இல், இடைநிலைப்பள்ளி மலாய்க்குத் தயார்படுத்தும் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. பிறகு ஆசிரியப் பயிற்சி. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி ஆசிரியையாக இருந்து 2024-இல் ஓய்வு பெற்றேன். பெரும்பாலான ஆண்டுகளில் எனக்குப் புகுமுக வகுப்பையும் முதலாம் படிவத்தையும்தான் கொடுப்பார்கள். அதனால் தமிழ்ப்பள்ளியும், மலாயில் பாடம் நடத்தும் தேசியப் பள்ளியும் ஆறு வருடம் வளர்த்து அனுப்பிய பிள்ளைகளைப் புத்தாண்டுதோறும் ஒரே வகுப்பறையில், ஒரே வாரத்தில் பார்த்தவள். அந்த அனுபவத்தை நம்பித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. தோட்டத்தில் ஒரு பள்ளி இருந்தது, பிள்ளைகள் அங்கே போனார்கள், அவ்வளவுதான். அந்தப் பள்ளி எப்படி வந்தது? மலாயாவில் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது என்று நாம் 2016-இல் இருநூறாண்டு கொண்டாடினோம். ஆனால் நம் தோட்டத்துப் பள்ளிகளுக்குத் தாய் அது அல்ல, ஒரு சட்டம். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொன்னது. துரைகளுக்கு நம் பிள்ளைகள் மேல் பரிவு பொங்கி வந்த சட்டம் அல்ல அது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பமாக ஆட்களைக் கொண்டுவரவும், வந்தவர்களைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கவும் ஒரு பள்ளி தேவைப்பட்டது. எழுதப்படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ காலையில் கொஞ்சநேரம் பாடம் சொன்னால் போதும் என்று இருந்த இடங்கள் பல. பிள்ளைகள் வளர்ந்து அதே தோட்டத்தில் கத்தி பிடிக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

அந்தப் பள்ளிக் கொட்டகையை நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெருமை. சம்பளத்திலிருந்து காசு போட்டு மேசை வாங்கினார்கள். திருவிழாவில் மிஞ்சிய பணத்தில் கூரை மாற்றினார்கள். பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தவர்களில் பால்வெட்டிகள் எத்தனை பேர்! மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இடம் கிடைத்ததற்குப் பின்னால் அந்த ஒற்றை வெள்ளிகளும் இருக்கின்றன. அடைத்துவைக்கக் கட்டிய பள்ளியை வெளியே போகும் வாசலாக மாற்றினார்கள் நம் பெரியவர்கள். நான் அந்த வாசல் வழியாக வந்தவள்.

இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். கோல்பீல்ட்ஸ், ரிவர்சைட், ஹோப்புல், நைஜல் கார்ட்னர், மேரி, ராஜா மூசா, புக்கிட் செராக்கா, புக்கிட் ரோத்தான். வெள்ளைக்காரத் தோட்டப் பெயர்களும் மலாய் ஊர்ப் பெயர்களுமாக, உள்ளே மட்டும் தமிழ். நம் மொழியிலும் ஒரு பெயர் இருக்கிறது: தென்னமரம். பெஸ்தாரி ஜெயா பக்கம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்ன ஊர். அந்தத் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். அவர் பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அந்தச் செம்பனைதான் பிற்பாடு நம் பள்ளிகளின் தலையெழுத்தை மாற்றியது. அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

ரப்பருக்கு நிறையக் கைகள் வேண்டும். விடியற்காலையில் ஒவ்வொரு மரமாகப் போய்க் கோடு போடவேண்டும். செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டாம். ரப்பர் விலை சரிந்து, மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட நட, லயங்கள் காலியாயின. அதற்கு முன்பே தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்கத்தான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். 1960-களின் கடைசியில் வேலை உரிமச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு. இன்று 530-ஐ ஒட்டி இருக்கின்றன. 2010 வாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் தொகை இப்போது எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. நம் குடும்பங்களில் பிள்ளைப்பேறே குறைந்துவிட்டது என்பதும் இதில் சேர்ந்த காரணம்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்வி இப்படிப் பிறந்தது. நாம் தாமானுக்கு வந்துவிட்டோம். தாமானுக்குப் பக்கத்தில் தேசியப் பள்ளி இருக்கிறது. தமிழ்ப்பள்ளி பழைய தோட்டத்தில் இருக்கிறது. காலையில் வேன் வருகிறது, சந்தியில் வந்து ஒரு பக்கம் திரும்புகிறது. நடந்து போகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம் போகிறார்கள். மொழி, பண்பாடு என்று மேடையில் பேசுகிறோம். ஆனால் பல வீடுகளில் முடிவெடுப்பது அந்த வேன்தான். ஆறு மணிக்கு எழுப்பவேண்டும், மாதா மாதம் வேன் காசு, மழை பெய்தால் செம்மண் பாதை, அம்மாவும் வேலைக்குப் போகிறாள். இதைச் சொல்லிக்கொண்டு தேசியப் பள்ளிக்கு அனுப்புகிற தாயைப் பார்த்து, "தமிழ் உணர்வு இல்லாதவள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுக்குத் தமிழ் உணர்வு இருக்கிறது. வேன் இல்லை.

அடுத்து, வேனைவிடப் பெரிய விஷயம். அது பயம். "தமிழ்ப்பள்ளியில போட்டா நாளைக்கு இடைநிலைப்பள்ளியில மலாய் வராம தடுமாறுவானே" என்கிற பயம். நம் நாட்டில் தமிழில் தொடக்கப்பள்ளி உண்டு, இடைநிலைப்பள்ளி கிடையாது. பன்னிரண்டு வயதுவரை கணிதமும் அறிவியலும் தமிழில் படித்த பிள்ளை, பதின்மூன்றாவது வயதில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மலாயில் படிக்கவேண்டும். தேசிய மொழியில் குறைந்த அளவுத் தேர்ச்சியும் இல்லாதவர்களுக்கு ஓராண்டு புகுமுக வகுப்பு. என் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதில்தான் உட்கார்ந்தோம். தேசியப் பள்ளியில் நம்மோடு ஒத்த வயதினர் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். அந்த ஓராண்டு வெட்கம் இருக்கிறதே, அதில் பள்ளியையே விட்டவர்கள் உண்டு. என் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள். எனவே இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் பதின்மூன்றில் வரப்போகிற பயத்துக்காக ஏழில் முடிவெடுக்கிறோமே, அது சரியா என்று கேட்கவேண்டும். என் வகுப்பறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஜனவரியில் தேசியப் பள்ளிப் பிள்ளைகள் கையை உயர்த்திப் பேசுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பின்வரிசையில் குனிந்திருப்பார்கள். மலாயை எழுத்துக்கூட்டி வாசிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. எழுதச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார்கள். சொல் போதாது, பேசிப் பழகவில்லை. ஏப்ரலில் நிலைமை வேறு. தமிழில் பாடத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டு வந்த பிள்ளை மூன்று மாதத்தில் மலாய்ச் சொற்களை மாட்டிக்கொள்வான். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். 'ஃபோத்தோசிந்தேசிஸ்' என்பது அவனுக்கு ஒரு புதுப் பெயர், புதுப் பாடம் அல்ல. பாடமே புரியாமல் வந்த பிள்ளை, அவன் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும், எவ்வளவு சரளமாக மலாய் பேசினாலும், ஏப்ரலிலும் அங்கேயே நிற்பான்.

ஒரு பையன் நினைவு வருகிறது. புகுமுக வகுப்பு. கணித ஆசிரியர் வராததால் அன்று நான் பார்த்துக்கொண்டேன். பின்னக் கணக்கு. அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டேன். "அரையில பாதி கால், காலும் அரையும் முக்கால்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மலாயில் கால் பங்குக்குச் 'சுக்கு' என்று பெயர். அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, ஏனென்றால் வீட்டில் சுக்கு என்றால் காப்பியில் போடுவது. அவனும் சிரித்தான். அன்றைக்கு மட்டும் ஒன்பது சொல் கற்றான். கணக்கு அவனுக்குள் ஏற்கெனவே இருந்தது. அதை அங்கே வைத்தது அவனுடைய தோட்டத்துப் பள்ளி.

தாய்மொழியில்தான் பிள்ளைக்கு முதல் பாடம் சொல்லவேண்டும் என்று யுனெஸ்கோ 1953-இலேயே ஓர் அறிக்கையில் எழுதியது. எனக்கு அந்த அறிக்கையைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நம்பியது அந்தப் பையனைப் பார்த்த பிறகு.

அதற்காகத் தமிழ்ப்பள்ளி என்றாலே எல்லாம் சரி என்று சொல்ல நான் வரவில்லை. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று பதாகை கட்டுகிறோம். நல்ல வாசகம். நானும் பதாகை பிடித்திருக்கிறேன். ஆனால் தேர்வு என்று சொன்னால் பார்த்துத் தேரவேண்டும். மலாய்மொழியை ஒப்புக்கு நடத்தும் தமிழ்ப்பள்ளி, பிள்ளையைப் பதின்மூன்று வயதில் ஆற்றில் இறக்கிவிட்டு நீந்து என்கிறது. தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றுகிறவர்கள் அதன் மலாய் வகுப்பைத்தான் முதலில் காப்பாற்றவேண்டும். மலாய்மொழி ஆசிரியையாக இருந்தவள் சொல்கிறேன், இதில் தமிழுக்குத் துரோகம் எதுவும் இல்லை.

முன்பெல்லாம் பள்ளியை அளக்க ஓர் அளவுகோல் கையில் இருந்தது. ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வில் எத்தனை பேர் ஏழு ஏ, எட்டு ஏ என்று நாளிதழில் படம் வரும். 2020-இல் பெருந்தொற்றால் அந்தத் தேர்வு நடக்கவில்லை, 2021-இல் அதை எடுத்தேவிட்டார்கள். ஒரு வகையில் நிம்மதி. ஆனால் பெற்றோருக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது. போய்த்தான் பார்க்கவேண்டும்.

போங்கள். இரண்டு பள்ளிக்கும் போங்கள். காலை பத்து மணிக்கு, ஓய்வுநேரம் முடிகிற சமயம் பார்த்துப் போங்கள். கழிவறையைப் பாருங்கள். நூலகம் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா, திறந்திருந்தால் மலாய்ப் புத்தகங்களின் ஓரம் பிள்ளைகள் கை பட்டுக் கசங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளியாக இருந்தால் மலாய்ப் பாடம் யார் எடுக்கிறார், அவர் பிள்ளைகளிடம் தமிழில் பேசி முடித்துவிடுகிறாரா என்று கேளுங்கள். தேசியப் பள்ளியாக இருந்தால் முதலாம் ஆண்டில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள், அவர்களில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களை யார் கவனிக்கிறார் என்று கேளுங்கள். நாற்பது பேர் வகுப்பில் ஓரத்தில் ஓசைப்படாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை ஆறு வருடம் யாரும் கவனிக்காமல் இருக்கமுடியும். அப்படிப்பட்ட பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். பேச்சு மலாயில் பொழிவார்கள், ஒரு பத்தி வாசிக்க வராது.

நம் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் சிறியனவாக இருப்பதைப் பற்றியும் பேசவேண்டும். நூற்றைம்பது மாணவர்களுக்குக் கீழே இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. முப்பதுக்கும் கீழே போய்விட்டால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். "அஞ்சு பேர் படிக்கிற வகுப்புல என் பிள்ளைக்குப் போட்டி எங்க இருக்கு, டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டாள். நியாயமான கேள்வி. காற்பந்துக்கு ஒரு குழு சேராது. பேச்சுப்போட்டிக்குப் போனால் பெரிய பள்ளிப் பிள்ளைகளின் குரலைக் கேட்டே நம் பிள்ளை வாயடைத்துப்போகும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஐந்து பேர் வகுப்பில் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் தலைமையாசிரியரே வீட்டு வாசலில் நிற்பார். ஒருவனுக்கும் 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு தெரியாமல் போக வழியில்லை. பட்டணத்தில் பணம் கட்டித் தேடுகிற கவனிப்பு அது. தோட்டத்துப் பள்ளியில் அது சும்மா கிடைக்கிறது, நல்ல ஆசிரியர் வாய்த்தால். ஆம், அந்த 'வாய்த்தால்' பெரிய சொல்தான். அதனால்தான் நேரில் போய்ப் பாருங்கள் என்கிறேன்.

நமக்கு மட்டும்தான் இந்தச் சங்கடம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் 1991-இல் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசாங்கப் பணம், ஆனால் தனி நிர்வாகக் குழு, தனிப் பாடமுறை என்று 'சார்ட்டர்' பள்ளிகள் வந்தன. அன்றுமுதல் அங்கேயும் பெற்றோர், தெருவில் இருக்கிற பொதுப்பள்ளியா, தொலைவில் இருக்கிற சார்ட்டர் பள்ளியா என்று இரவில் தூங்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நம் பகுதி உதவிபெறும் தமிழ்ப்பள்ளிகள்தான் நினைவுக்கு வந்தன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம், நிலம் பல இடங்களில் தோட்டத்துடையது, மேலே பள்ளி மேலாளர் வாரியம். வேறுபாடு என்னவென்றால், அங்கே புதிதாகத் தொடங்கிய பள்ளிக்குப் பெற்றோர் ஓடுகிறார்கள். இங்கே நூறு வயதான பள்ளியை விட்டு ஓடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஓடமுடியாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வண்டி இல்லாத வீடு, தாத்தா பாட்டி வளர்க்கிற பிள்ளை, படிவம் நிரப்பத் தெரியாத தாய். நமக்கு வசதி வந்ததும் நாம் எழுந்து போனால், நம் இடத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் தேடுகிறது, தேடவும் வேண்டும். ஆனாலும் விவரம் தெரிந்த பத்துக் குடும்பம் ஒரே ஆண்டில் கிளம்பினால் மிச்சமுள்ள முப்பது பிள்ளைகளின் பள்ளி வேறு பள்ளியாகிவிடுகிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சீனப் பள்ளியில் போடுகிறவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒழுங்கு, கணிதம், மேண்டரின் என்று ஆசைப்படுவதில் பிழையில்லை. வீட்டில் ஒருவருக்காவது அந்த வீட்டுப்பாடத்தைப் படிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லியாகவேண்டும். என் மூத்த மகனைத் தேசியப் பள்ளியில் போட்டேன். ஆசிரியர் குடியிருப்புக்கு எதிரில் பள்ளி. நான் காலையில் கிளம்பும் அவசரத்தில் அவன் நடந்தே போய்விடுவான். நன்றாகப் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான், மலாய் நண்பர்கள் அவனுக்கு உயிர். அந்த முடிவில் எனக்கு வெட்கம் இல்லை. இளைய மகளுக்கு முறை வந்தபோது வேன் கிடைத்தது, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினேன். அவள் முதலாம் படிவத்தில் அழுதாள், மூன்றாம் படிவத்தில் அழவில்லை.

என் அம்மா இறந்த பிறகு அவர் தகரப்பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. அம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். அதில் கணக்கு எழுதியிருக்கிறார். சீட்டுக் காசு, மருந்து, கோயில் வரி, 'பாப்பாவுக்கு சப்பாத்து' என்று ஒரு வரி. பாப்பா நான். மகன் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினான். எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்தான். பிறகு தங்கையிடம் நீட்டி, "படி" என்றான். அவள் வாசிக்க வாசிக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், பாட்டியோடு மணிக்கணக்கில் பேசியவன். ஆனால் பாட்டி எழுதியதைத் தங்கை வழியாகத்தான் அடைந்தான். மலாய் தெரியாமல் என்னிடம் வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நான் மலாய் சொல்லிக்கொடுத்தேன், முடிந்தது. முப்பது வயதில் என் மகனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், மூன்று வாரத்தில் வேலை அவனை இழுத்துக்கொண்டது. மலாய் இந்த நாட்டில் கடையில், சாலையில், தொலைக்காட்சியில் எங்கும் இருக்கிறது, பிந்தி வந்தவனுக்கும் கிடைக்கும். தமிழ் எழுத்துக்குப் பிள்ளைப் பருவத்தை விட்டால் வேறு பருவம் அமைவது கடினம். என் கையில் வேன் இருந்தால் அதைத் தமிழ்ப்பள்ளிப் பக்கம்தான் திருப்புவேன். தம்பி, இதுதான் உங்களுக்கு என் பதில்.

சிலர், "தமிழ்ப்பள்ளியே இருக்குமோ இருக்காதோ, வழக்கெல்லாம் போட்டார்களே" என்று கேட்கிறீர்கள். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கில், 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் விரோதமில்லை என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சட்டம் நம்மை விரட்டவில்லை. பள்ளி காலியாவது வேறு கதை, அதற்கு நீதிபதி ஒன்றும் செய்யமுடியாது.

இன்னும் ஒன்று. வேன் கிடைக்காமலோ, வேறு காரணத்தாலோ தேசியப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. உங்களை விட்டுவிட்டு நான் மேடையைவிட்டு இறங்கமாட்டேன். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், அங்கே தமிழைப் பாடமாகக் கற்பிக்க வழிசெய்யவேண்டும். பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "யார் போய்க் கேட்பது" என்று இருந்துவிடுகிறார்கள். நான் பேசிப்பார்த்த தலைமையாசிரியர்களில் ஒருவரும் கதவைச் சாத்தவில்லை, பெயர்ப்பட்டியல் கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னார்கள்.

அதனால் இன்று இரண்டு தாள் கொண்டுவந்திருக்கிறேன். மண்டபத்தின் பின்னால் மேசையில் இருக்கின்றன. முதல் தாள், தமிழ்ப்பள்ளிக்கு வேன் வேண்டும் என்கிறவர்களுக்கு. வீட்டு முகவரியை எழுதுங்கள். எட்டுப் பிள்ளைகள் ஒரே பாதையில் இருந்தால் ஓட்டுநரிடம் நான் பேசுகிறேன், காசு குறையும். வசதி இல்லாத வீட்டுக்கு வேன் காசில் பாதி தருவதாகக் கோயில் நிர்வாகத்தார் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. இரண்டாவது தாள், தேசியப் பள்ளியில் தமிழ்ப் பாடம் கேட்பதற்கு. பதினைந்து பேர் வேண்டும். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே சிலர் எழுதிவிட்டார்கள். இப்போது ஒன்பது பெயர் இருக்கிறது.